ஆறு சதவீதம் குறைவு

விண்ணப்பத்தில் பெரும்பாலானவர்கள் தப்பு விடுவது முன்னெழுத்தில்தான். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் இருக்கும், ரேஷன் கார்டில் முன்னால் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இருக்கவே இருக்காது. மூன்றும் ஒத்துப்போகாமல் மனு திரும்பி வந்துவிடும். அதற்காக இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஏழாயிரம்பண்ணையில் நான் இ-சேவை மையம் நடத்திவரும் பதினொரு வருடத்தில், என் கையால் போன மனு எதுவும் முன்னெழுத்துக்காகத் திரும்பியதில்லை.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். பழக்கப்பட்ட வேலைதான். வரிசையாகவே எழுதுகிறேன்.

என் பெயர் வேல்விழி. வயது முப்பத்தாறு. தம்பி கதிரவனுக்கு இருபத்தேழு. அப்பா முதலிலேயே போய்விட்டார். தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா இறந்தபோது எனக்குப் பதினெட்டு, அவனுக்கு ஒன்பது. சாத்தூரில் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நின்றுவிட்டேன். பிறகு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேருமே, பையனை விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

கதிரவனுக்கு அடிபட்டது போன வருடம் தீபாவளி சீசனில். பட்டாசுக் கம்பெனியில் பேன்சி வெடிக் குழாயில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் இருந்த இரண்டு பேர் அன்று வீடு திரும்பவில்லை. இவன் திரும்பினான். வலது உள்ளங்கையும் ஐந்து விரல்களும் மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தன. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன்.

காரியாபட்டியில் எழில் என்ற பெண்ணை அவனுக்கு முன்பே பேசி முடித்திருந்தோம். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அடிபட்டதும் அவர்கள் வீட்டில் விலகிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். விலகவில்லை. அவளுடைய அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்து, கை சரியானதும் லோடு ஆட்டோ ஒன்று எடுத்துத் தருவதாகவும், கல்யாணத்துக்குப் பிறகு காரியாபட்டியிலேயே இருந்துகொண்டு மதுரைக்குக் காய்கறி ஏற்றலாம் என்றும் சொன்னார். அவர் போன பிறகு கதிரவன் என்னிடம், "இனிமே வெடி பக்கமே போகமாட்டேன்க்கா. இது சாமி காட்டுன வழி" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி நான் பார்த்ததில்லை. நல்லது என்றேன்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனுப் போட்டது நான்தான். எல்லா மனுவிலும் என் செல்போன் எண்ணைத்தான் கொடுப்பேன். ஓடிபி வரும்போது அவனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்பத்திரி பதிவேட்டிலும் அதே எண்தான். தை மாதம் விருதுநகரில் முகாம் நடந்தது. டாக்டர் ஒவ்வொரு விரலாகப் பிடித்து, எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று கருவி வைத்து அளந்தார்.

"நல்லா முன்னேற்றம் இருக்கு தம்பி. பயிற்சியை மட்டும் விட்டுறாதீக. ஆறு மாசத்துல வண்டியே ஓட்டலாம்" என்றார். பிறகு ஊனம் முப்பத்து நாலு சதவீதம் என்று எழுதினார்.

அட்டைக்கு நாற்பது வேண்டும். ஆறு குறைவு.

கதிரவன் அதற்கு வருத்தப்படவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "போகட்டும்க்கா. கை வந்துருச்சுன்னா கார்டு எதுக்கு?" என்றான். இடது கையால் கிளாசைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு அந்த நேரத்தில் செந்தூர்பாண்டி ஞாபகம்தான் வந்தது. வெம்பக்கோட்டைக்காரர். வெடி விபத்தில் அவருக்கு மூன்று விரல் போய்விட்டது. முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதினார்கள். என் மையத்துக்கு நான்கு தடவை வந்தார். கடைசித் தடவை, "இன்னும் ஒரு விரல் போயிருந்தா குடுத்திருப்பாகளோ தாயி?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரை எந்தக் கம்பெனியிலும் சேர்க்கவில்லை, அட்டையும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுபோன அப்படிப்பட்டவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என் எதிரில் வந்து உட்காருவார்கள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நீங்கள் பார்ப்பது தாளைத்தான் மேடம். நான் பார்த்தது ஆளை.

அடுத்த வாரம் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். அங்கே மகேஷ்குமார் என்பவர், அவன் கைக்கு அச்செடுத்து பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை செய்து வைத்திருந்தார். விரல்கள் நீட்டியபடி இருக்க அதைக் கட்ட வேண்டும். கதிரவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார்.

"அக்கா, ஒட்டுன தோல் உள்ள இழுக்கும். இழுக்க விட்டுட்டோம்னா விரல் மடங்கி அப்படியே நின்னுரும். பட்டை எந்நேரமும் இருக்கணும். மூணு வேளை எண்ணெய் போட்டு நீவி, விரலை நீட்டி விடணும். வலிக்கத்தான் செய்யும். அவர் கத்துனாலும் விட்டுறாதீக."

ஒரு தாளும் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது, பக்கத்தில் கையை நீட்டிவைத்த படம் போட்டிருந்தது. அதை ஃபைலில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையைப் பீரோ மேல் வைத்துவிட்டேன். ஒரு துணியைச் சுருட்டி அவன் உள்ளங்கையில் கொடுத்து, விரல்களை அதன் மேல் மடக்கி, பேண்டேஜ் சுற்றினேன். "இப்படி மடக்கித்தான் வைக்கணுமாம்லே. டாக்டர் சொன்னாரு. நீட்டுனா தோல் பிஞ்சிருமாம்" என்றேன்.

"அப்ப அந்தப் பட்டை, பயிற்சி எல்லாம்?"

"அதெல்லாம் பெறகுதான்."

அவன் நம்பினான். ஒன்பது வயதிலிருந்து அவனுக்கு வந்த தாளையெல்லாம் படித்துச் சொன்னது நான்தான். நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணமில்லை.

நான் எதையும் வெட்டவில்லை, நசுக்கவில்லை. இதைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். தோல் அதன் போக்கில் இழுத்தது, நான் தடுக்கவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டைப் பிரித்துக் கழுவி, மறுபடி கொஞ்சம் கூடுதலாக மடக்கிக் கட்டுவேன். அப்போது அவன் தலையணையைக் கடித்துக்கொள்வான். மகேஷ்குமாரிடமிருந்து ஏழு தடவை போன் வந்தது. அவனுக்கு வர விருப்பமில்லை என்று சொன்னேன். கதிரவன் கேட்டபோது, அந்த சார் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்றேன்.

அந்த ஆறு மாதம் வீட்டில் ஒரு சச்சரவு கிடையாது. காலையில் அவனுக்குப் பல் தேய்த்துவிட்டு, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, மதியம் மையத்தைப் பூட்டிவிட்டு வந்து சோறு பிசைந்து ஊட்டுவேன். "கரண்டியைக் குடுக்கா, இடது கையால திங்கேன்" என்பான். சட்டையில் கொட்டிக்கொள்வாய் என்பேன். முதலில் வெட்கப்பட்டான். பிறகு நான் வரும் நேரத்துக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். எழில் போன் செய்தால் முன்போல நீளமாகப் பேசமாட்டான். "கை எப்படி இருக்குன்னு கேக்கா. என்னத்தச் சொல்ல?" என்பான். ஆறிவருகிறது என்று சொல்லச் சொல்வேன்.

ஆடி மாதம் மறுபடி முகாம். கட்டைப் பிரித்ததும் அதே டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. மற்றவை பாதிக்கு மேல் நிமிரவில்லை.

"பயிற்சியே செய்யலையாம்மா?"

"செஞ்சோம் சார். இவனுக்கு வலி தாங்கல" என்றேன்.

கதிரவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வெளியே வந்ததும், "ஏன்க்கா அப்படிச் சொன்ன? நாம இன்னும் பயிற்சியே ஆரம்பிக்கலையே" என்றான்.

"அப்படிச் சொன்னாத்தாம்லே கார்டு குடுப்பாக."

அதையும் நம்பினான். நாற்பத்தாறு என்று வந்தது. அட்டை தபாலில் வந்த அன்று அவனுக்குப் பிடிக்குமே என்று கறி எடுத்துச் சமைத்தேன். அவன் அட்டையை இடது கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"கார்டுதான் வந்துருச்சே. இனிமே கட்டை அவுத்துரலாமாக்கா?"

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்னு டாக்டர் சொன்னாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மதுரைக்குப் போனால் அறுவை சிகிச்சை செய்து விரல்களை விடுவிக்க வாய்ப்பிருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்றுதான் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், சீட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் ஃபைலில் வைத்தேன். எந்தத் தாளையும் நான் கிழித்துப் போடுவதில்லை. அது என் தொழில் பழக்கம்.

ஐப்பசியில் ஒரு நாள் எழில் என் மையத்துக்கு வந்தாள். மதுரையில் அவளுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டப் போவதாகவும், பழைய ரிப்போர்ட் எல்லாம் வேண்டும் என்றும் கேட்டாள். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு முதியோர் மனுவுக்குக் கைரேகை விழாமல் நான் போராடிக்கொண்டிருந்தேன். ஃபைல் மேசையிலேயே இருந்தது. அவளே எடுத்துப் புரட்டினாள்.

"மதினி, இதுல விரலை நீட்டி வைக்கணும்னுல்ல போட்டிருக்கு?"

நான் கைரேகைக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, உங்களைத்தான் கேக்கேன்."

"ஆளுக நிக்காக எழில். பெறகு பேசுவோம்" என்றேன்.

அவள் அந்தத் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மகேஷ்குமார் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லவில்லை, நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் வரிசை முடியும்வரை இருந்தேன். கைரேகை பதினான்காவது தடவையில்தான் விழுந்தது.

வீட்டுக்குப் போனபோது கதிரவன் கட்டைத் தானே அவிழ்த்து வைத்திருந்தான். எழில் சுவரோரம் நின்றிருந்தாள். அவன் சத்தம் போடவில்லை.

"அந்தப் பட்டை எங்கனக்கா?"

பீரோ மேலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். அதைத் தரையில் வைத்து அதன் மேல் கையை வைத்தான். அவன் கைக்கென்றே அச்செடுத்தது. இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். முகம் வியர்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சேரமாட்டேங்குதுக்கா" என்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சட்டை பத்தாமல் போனால் இதே குரலில்தான் வந்து சொல்வான்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். "கட்டுப் போடும்போது நான் அழுதது உனக்குக் கேட்டுச்சுல்ல?"

கேட்டது என்றேன். அவனிடம் பொய் சொல்ல விரும்பவில்லை.

மறுநாள் முதல் பஸ்சில் எழிலோடு காரியாபட்டிக்குப் போய்விட்டான். போகும்போது சட்டைப் பொத்தானை எழில்தான் போட்டுவிட்டாள். ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தாள். நான் சொல்லவில்லை. உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தான். அதில் அவன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இடது கையால் போட நான் பழக்கிவிட்டிருக்கிறேன், அதனால் போட முடியாமல் இல்லை.

முறைகேடாக அட்டை வாங்கப்பட்டதா என்று உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மனுவில் ஒரு பொய்யும் கிடையாது. நாற்பத்தாறு சதவீதம் உண்மையிலேயே இருந்தது. அதை உண்டாக்கியது நான்தான். பட்டையைக் கட்டாமல் விட்டது, விரல்களை மடக்கிக் கட்டியது, டாக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னது, அட்டை வந்த பிறகும் மூன்று மாதம் அதையே செய்தது, எல்லாம் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அவனுக்காகத்தான் செய்தேன்.

மதுரையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். பாதியாவது நீளும் என்கிறார்களாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் யாரும் அவனிடம் அடுத்ததைச் சொல்லியிருக்கமாட்டார்கள். விரல் நீண்டால் சதவீதம் குறையும். மறுபடி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். எல்லாத் தாளையும் சேர்த்துப் புதிதாக மனுப் போட வேண்டும். அதை அவனுக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்? என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?