சாமி காலைப் பிடித்தவன்

— வெளிய வாடா உதயா. அம்மன் காலை விட்டுட்டு வா.

— வரமாட்டேன் மாமா. தோள்ல வெட்டினது போதாதா? சட்டை பூரா ரத்தம். கையைத் தூக்க முடியல.

— தோளோட போச்சேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல். கழுத்துக்குத்தான் வீசினேன். நீ குனிஞ்சிட்ட.

— அந்தக் கத்தியைக் கீழ போடுங்க மாமா.

— போட்டா என் மகன் எந்திரிச்சு வருவானா? ராமைப் பட்டாளத்துக்காரங்க மூட்டையா கட்டிக் குடுத்தாங்கடா. அவுத்துப் பாக்காதீங்கன்னு சொன்னாங்க. அவுத்தேன். பத்து விரல்ல ஒண்ணுலயும் நகம் இல்ல. மேல்வரிசைப் பல்லு ஒண்ணு கூட இல்ல. பெத்தவன் நான் பாத்தேன், கேட்டுக்க.

— ஐயோ, சொல்லாதீங்க மாமா.

— நீ அவங்ககிட்டப் போய்ச் சொன்னியே! பட்டாளத்துக்குப் பயந்து இன்சீன்ல கணேஷ்குமார் வீட்டு மச்சுல ஒளிஞ்சிருக்கான்னு சொன்னியே! ஒரே தட்டுல மொஹிங்கா தின்னவன்டா நீ. டலான் பயலே, ஆள்காட்டி நாயே, கூட்டாளியைக் காட்டிக் குடுத்துட்டு, அவன் பாடையையும் வந்து தூக்கினியே!

— ஆமா, நான்தான் சொன்னேன். போதுமா? உள்ள வந்து வெட்டுங்க பாப்போம்.

— வெட்ட மாட்டேன்னு தைரியமா?

— மாட்டீங்க. ராம் படிச்சுக் காட்டினானே, கிரேக்கச் சாமிங்க புத்தகம். அவன் விரல் வைக்க வைக்க நீங்க எழுத்துக் கூட்டுவீங்க, நான் பக்கத்துல படுத்துக் கேப்பேன். சாமி காலைப் பிடிச்சவன் சாமிக்குச் சொந்தம், கொலைகாரனா இருந்தாலும் தொடக்கூடாது. தொட்டா அந்தத் தீட்டு ஊரையே பிடிக்கும், ஜீயஸ் இடியை இறக்குவாருன்னு சொல்லலையா? அன்னிக்கு நீங்கதானே மாமா, நம்ம அம்மனும் அப்படித்தாண்டான்னு கன்னத்துல போட்டுக்கிட்டீங்க.

— போட்டுக்கிட்டேன். இப்பவும் இல்லேங்கல. ஆனா நீ கேட்டது அந்தப் பக்கத்தோட சரி. அடுத்த பக்கத்தை நான் தனியா படிச்சேன். ராமை எரிச்ச பிறகு. நாள் பூரா சாரத்துல நின்னுட்டு வந்து, கண்ணு சொருகச் சொருக, ஒவ்வொரு எழுத்தா. படிச்சு முடிக்க எட்டு நாள் ஆச்சு.

— என்ன போட்டிருந்துச்சு?

— ஸ்பார்ட்டான்னு ஒரு ஊரு. அங்க ஒரு தளபதி, எதிரியோட சேந்து ஊரைக் காட்டிக் குடுத்தவன். பிடிக்க வந்தாங்க. ஓடிப்போய் அதீனா கோயிலுக்குள்ள புகுந்துக்கிட்டான், உன்னை மாதிரியே. ஒருத்தனும் அவனைத் தொடல. வாசலை அடைச்சுச் சுவர் வச்சிட்டாங்க. சோறில்ல, தண்ணியில்ல. மூச்சு நிக்கப் போற நேரத்துல வெளிய இழுத்துப் போட்டாங்க, சாமி வீட்ல பொணம் விழக்கூடாதுன்னு.

— மாமா...

— கொத்தனுக்கு இது பெரிய வேலையா? கோயில் மதில் கட்ட இறக்கின செங்கல் இருக்கு. அந்த வேலைக்குக் குழைச்ச கலவையும் அப்படியே இருக்கு. கருவறைக்கு ஒரே வாசல்.

— பூசாரி வந்திடுவாரு!

— அவரு மோல்மேன் போயிருக்காரு, வரப் பத்து நாளாகும். கத்து, நல்லாக் கத்து. தண்டவாளத்தை ஒட்டின கோயில், ரயில் சத்தத்துல எவன் காதுல விழும்?

— அண்ணே! ராஜரத்தினம் அண்ணே!

— வா சொர்ணம். உன் மகன் உள்ளதான் இருக்கான், உயிரோட. நல்ல நேரத்துக்கு வந்த. அந்த ஸ்பார்ட்டாக்காரனுக்கு முதல் கல்லை யார் வச்சது தெரியுமா? அவனைப் பெத்த தாய். இந்தா, பிடி.

— தெய்வமே, என்ன அண்ணே இது?

— பிடி கல்லை! நீ வைக்கலேன்னா தீட்டாவது இடியாவது, உள்ள புகுந்து தலையை எடுத்துக்கிட்டு வருவேன். வச்சா நாலு நாளாவது உசுரோட கிடப்பான்.

— அம்மா, நீ வீட்டுக்குப் போ! வாயைத் திறக்காத! நான்தான்னு ஒத்துக்கிட்டேன். போம்மா!

— நீ ஒத்துக்கிட்டியா உதயா?

— போயிடும்மா, உன் காலைப் பிடிக்கிறேன்!

— பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கச் சீட்டு குலுக்கினதுல இவன் பேரு வந்திச்சு அண்ணே. ஒளிஞ்சிருக்கிறவன் ஒருத்தனைக் காட்டினா இவன் பேரை அடிச்சிடறோம்னாங்க. வாரா வாரம் ராமுக்குச் சோறு கொண்டு போனவ நான்தானே, எனக்குத் தெரியாத வீடா? என் பிள்ளையை வெளிய விட்டுட்டுக் கல்லைக் குடுங்க அண்ணே, நான் உள்ள நின்னு வைக்கிறேன்.