இழுவைப் பெட்டிக்கு லைட் பூட்டிய நாள்

கோப்பி ஆறுகிறது, பிள்ளை மிதுஷா. முதலில் அதைக் குடியுங்கள். பொலிசுக்கு மொழிபெயர்க்க வந்தவர் நீங்கள். வெறும் வயிற்றோடு இருந்தால் சொல் தடுமாறும்.

என் பெயர் அருள்நாயகி. வயது அறுபத்து மூன்று. பிரெடெரிசியாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற கையோடு, தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். லைசன்ஸ் இருக்கிறது. முதல் தடவையிலேயே பாஸ்.

ஆனால் வாசலைத் தாண்டத்தான் முடியவில்லை. நீங்கள் டென்மார்க்கில் பிறந்த பிள்ளை என்றாலும் வீட்டில் சொல்லியிருப்பார்கள்: புறப்படுகிறவரைப் பின்னால் நின்று கூப்பிட்டால் போகிற காரியம் உருப்படாது. திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துத்தான் மறுபடி புறப்பட வேண்டும். என் மனுஷன் அந்தோனிதாசனுக்கு நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய பிறகுதான் வாய் திறக்கும்.

"இஞ்சாரும், அடுப்பு நிப்பாட்டினீரோ?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது தடவை தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகு பயணம் போக வயிறு விடவில்லை.

ஆகவே சாமான் ஏற்ற ஓர் இழுவைப் பெட்டி வாங்கினேன். ஒரு டேனிஷ்காரர் தன் நாயை ஏற்றிக்கொண்டு திரிந்த பெட்டி அது. காற்றுப் போக நல்ல துவாரங்கள் உண்டு. அதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில், பெட்டியை மாட்டுகிற கொழுவியை நானே நான்கு போல்ட் போட்டு இறுக்கினேன். வயர் இழுத்து, பெட்டியின் பிறேக் லைட்டுக்கும் சிக்னலுக்கும் கொடுத்தேன். லைட் பார்க்க இரண்டு பேர் வேண்டும். நான் சுவிட்சைப் போட, என் மனுஷன் பின்னால் நின்றார்.

"இடது எரியுதோ?"

"எரியேல்லை."

"இப்ப?"

"எரியுது. எண்டாலும் வடிவா எரியேல்லை. நான் அப்பவே சொன்னனான் வயர் மெல்லிசெண்டு. விடும், உள்ளுக்கை இறங்கிப் பாக்கிறன்."

அவராகத்தான் இறங்கினார். மழைத் தண்ணீர் புகுமா என்று பார்க்க மூடச் சொன்னவரும் அவர்தான். மூடினேன். கொக்கியையும் போட்டேன். ஹெல்மெட்டை மாட்டினேன். அவர் கூப்பிட்டிருக்கலாம்; என் காதில் விழவில்லை. விழாத கூப்பாட்டுக்குத் தோஷம் இல்லை. கல்யாணம் கட்டி முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, தண்ணீர் குடிக்காமல் றோட்டில் ஏறினேன். பெட்டி இழுக்கிற வண்டிக்குரிய வேகத்தை நான் எங்கேயும் மீறவில்லை.

ஓகூஸ் நகரத்தில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன். பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியும் ஒரு பணிசும் கொடுத்தேன். நான் கொடுமைக்காரி இல்லை. அவர் எழுந்து இருந்து சாப்பிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கீழே எட்டிப் பார்த்தார்.

"பார்க்கிங் கோட்டிலை ஏத்தியெல்லோ நிப்பாட்டியிருக்கிறீர்."

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான், சில்லு ஒரு சாண் ஏறி நின்றது. மூடியை மெதுவாக இறக்கினேன், அவருடைய விரல் நசுங்காமல்.

முதல் தடவை மூடியது லைட் பார்க்க. இரண்டாம் தடவை மூடியது நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். அங்கிருந்து இன்னும் இருநூறு கிலோமீட்டர். தொண்டை கட்டியதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று டொக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் துளியும் இருக்கவில்லை. இந்தா திறக்கிறேன், இந்தா திறக்கிறேன் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

பிறகு ஏன் ஸ்காகன் வரைக்கும் போய் நிறுத்தினீர்கள் என்று இந்தப் பொலிஸ்காரத் தம்பி கேட்கிறார். சொல்லுங்கள் பிள்ளை, அங்கேதான் றோட்டு முடிகிறது.