சாராயத்துக்கு மட்டும் வேற முதல் வரி

"கஞ்சாவுக்கும் அபினுக்கும் ஒரே மாதிரி ஆரம்பிச்சிருக்கியே, சாராயத்துக்கு மட்டும் ஏன் இப்படி?"

சிவகாசி பஸ் ஆமத்தூரைத் தாண்டியபோது முன்சீட்டுக்காரர் இப்படிக் கேட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் நர்ஸ் உடுப்பில் அவர் மனைவி. ஆஸ்பத்திரிக்காக அந்தம்மா எழுதிய போதைப்பொருள் கையேட்டை அச்சுக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

"எப்படி இருக்கு?"

"மத்ததெல்லாம் 'இது மூளையில வேலை செய்யுற பொருள்'னு ஆரம்பிக்குது. சாராயத்துக்கு மட்டும் எடுத்ததுமே 'இதுல இருந்து மீண்டு வரலாம்'னு இருக்கு."

"தெரிஞ்சுதாங்க எழுதுனேன்."

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்னு டாக்டரு சொன்னாருல்ல?"

"மத்ததெல்லாம் அவரு சொல்லி எழுதுனது. இது நான் பாத்து எழுதுனது. மீண்டு வந்த ஆளோடதான குடும்பம் நடத்துறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெண்டு மூணு பட்டாசுக் கடை கடந்ததும் மடியிலிருந்த கையேட்டுத் தாள்களைப் பிரித்து, மனைவியிடம் கையை நீட்டினார்.

"பேனா இருக்கா?"

"அந்த வரியை அடிக்கப் போறீகளா?"

"அதை எதுக்கு அடிக்கணும்? எல்லாத்துக்கும் அதையே முதல் வரியாப் போட்டுருவோம். கஞ்சா குடிக்கிறவன் வீட்டுலயும் ஒருத்தி காத்துக்கிட்டுதான இருப்பா."