உப்புக் காவல்

…அதையும் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன் மாஸ்டர். "உப்பில்லாமச் சமைக்கிறதெல்லாம் ஒரு வேலையா அண்ணி, போட வேண்டியதைப் போடாம விடுறதுதானே?"ங்குறா. யாரு? என் தம்பி பொண்டாட்டி. நாளைக்கு நீங்க சமைக்கப் போற கல்யாணத்துல பொண்ணோட அம்மா. எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தா, கைப்பையில உப்புப் பொட்டலம் இருக்கும். நான் தண்ணி எடுக்க உள்ள போனாப் போதும், பொட்டலம் வெளிய வந்துடும். எனக்குத் தெரியாதாம்!

நீங்க நறுக்குங்க, நறுக்குங்க. நான் இந்த மூட்டை மேல உக்காந்துக்கிறேன். உருளைக்கிழங்குதானே? ஒண்ணும் ஆகாது. ஒரே ஒரு விஷயம், சொல்லிட்டுப் போயிடுறேன்.

எங்கப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் சரியில்ல. ரொம்ப வருஷமா உப்பு ஆகாது. மொதல்ல ரெண்டு சட்டி வச்சுத்தான் சமைச்சேன், அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மனுஷன் தன் தட்டைப் பாக்கவே மாட்டாரு. என் தட்டையே பாப்பாரு. எனக்குச் சோறு எறங்குமா சொல்லுங்க? சரி போன்னு ஒரே சட்டியாக்கிட்டேன். இப்ப எனக்கு வேற எடத்துல ஒரு வாய் சாப்பிட்டா, கடல்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.

அவரு சும்மா இருந்தாரா? ம்க்கும். மாத்திரை டப்பாவுல உப்பு. மூக்குக் கண்ணாடிக் கூட்டுல உப்பு. ஒரு நாள் ரேடியோ பாடலைன்னு கடைக்காரன்கிட்ட கொண்டு போய்ச் சண்டை போடுறேன், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலைன்னு. அவன் பேட்டரி மூடியைத் திறக்குறான்… பொலபொலன்னு கொட்டுது. "அம்மா, இது ரிப்பேர் இல்ல"ங்குறான்.

நாள் தவறாமத் திட்டு விழும் எனக்கு. "இது சாப்பாடா, தண்டனையா?" "உன்னைப் பெத்ததுக்கு ஒரு சிட்டிகை கெடையாதா?" எல்லாம் பழகிப் போச்சு. திட்டிக்கிட்டே முழுத் தட்டையும் காலி பண்ணிடுவாரு, அது வேற.

சின்ன வெங்காயத்தையும் நீங்களே உரிக்கணுமா? ஆளு வரலையா? குடுங்க இங்க. கை சும்மாதானே இருக்கு.

ஆங்… எதுல விட்டேன்? டாக்டர். போன மாசம் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாரு. சின்ன வயசு. மேசை மேல இருந்த பேனாவை இந்தப் பக்கம் வச்சாரு, அந்தப் பக்கம் வச்சாரு. "இனிமே அலைய வேணாம்மா, வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க. என்ன ஆசைப்படுறாரோ குடுங்க"ன்னாரு. உப்பு?ன்னேன். குடுங்கன்னாரு. ஊறுகாய்?ன்னேன். அதுவும்தான்னாரு. மாஸ்டர், எனக்குத் தலகால் புரியல! பரீட்சையில பாஸாயிட்டோம்னு நெனச்சேன். எந்திரிச்சு டாக்டருக்குக் கை குடுத்தேன். அவரு பாவம், எந்திரிக்கிறதா உக்காருறதான்னு தெரியாமப் பாதியில நிக்கிறாரு.

வெளிய அப்பா சக்கர நாற்காலியில இருக்காரு. வரிசையில அத்தனை பேரு. நான் அங்கேருந்தே, "அப்பா! எல்லாம் சாப்பிடலாமாம்! டாக்டரே சொல்லிட்டாரு!"ன்னு கத்திக்கிட்டு வர்றேன். பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மா டக்குன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்பா என் மூஞ்சியையே பாத்தாரு. "அப்படியா சொன்னாரு? நல்ல பிள்ளை"ன்னாரு. அவ்வளவுதான்.

தம்பி பொண்டாட்டிக்குப் போன் போட்டு, இனிமே நீ பொட்டலம் கொண்டு வர வேணாம்டின்னேன். அப்புறம், "அண்ணி… அது நல்ல சேதி இல்ல அண்ணி. எங்கப்பாவுக்கும் இதையேதான் சொன்னாங்க"ன்னா.

படிச்சவதான் நானும். நாலெழுத்து என்ன, நாப்பது எழுத்து தெரியும். இந்த ஒரு வாக்கியம் மட்டும் தெரியாமப் போச்சு.

அப்புறம் என்ன, வீட்டுல மாநாடு. பொண்ணு கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாங்குறான் தம்பி. முன்னாடியே வச்சுடலாங்குறா அவன் பொண்டாட்டி. உங்க மண்டபத்துக்காரரு ரெண்டுமே முடியாதுங்குறாரு. அப்பா உள்ளேருந்து கூப்பிட்டாரு. "நான் கேக்குறதைக் குடுக்கச் சொல்லியிருக்காங்கல்ல? கல்யாணம் சொன்ன நாள்ல நடக்கணும். பேத்திகிட்ட மூச்சு விடக் கூடாது. நானும் எல்லாரோட உக்காந்து, எல்லாரும் சாப்பிடுறதைச் சாப்பிடணும்." தீர்ப்பு! யாரு மறுத்துப் பேசுறது?

அதுலேருந்து எது வேணும்னாலும் டாக்டர் பேருதான். ஃபேனைக் கூட்டு, டாக்டர் சொல்லியிருக்காரு. தம்பி மீசையை எடு, டாக்டர் சொல்லியிருக்காரு. எடுத்துட்டான் மாஸ்டர்! நாளைக்குப் பாருங்க, பொண்ணோட அப்பா உரிச்ச கிழங்கு மாதிரி நிப்பான்.

இப்ப சிக்கல் எங்கன்னா, காலையில கல்யாணப் பொண்ணு என்னைப் புடிச்சுக்கிட்டா. "அத்தை, தாத்தாவுக்கு உப்பில்லாமத் தனியாச் சொல்லிட்டீங்கல்ல? இல்லன்னா அவருக்குக் கால் வீங்கிடும்"ங்குறா. சொல்லிட்டேன்மான்னேன். வேற என்னத்தைச் சொல்ல? அவ பக்கத்துலதான் அவரு உக்காருவாரு. அவரு எல்லாருக்கும் பரிமாறுற பாத்திரத்துலேருந்தே வாங்கிச் சாப்பிடுறதைப் பாத்தா அவளுக்குப் புரிஞ்சு போகும். அவ என்னை மாதிரி இல்ல, வெவரமான பொண்ணு. அங்கயே அழுதுடுவா.

அதனால, இதைத்தான் சொல்ல வந்தேன், அப்பாவுக்கு ஒரு தனித் தூக்குச் சட்டியில கொண்டு வாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி "பெரியவருக்கு உப்பில்லாதது"ன்னு சத்தமாச் சொல்லி வைங்க. ஆனா உள்ள உப்பு இருக்கணும். புரிஞ்சுதா? பொண்ணு காதுக்கு உப்பில்ல, அப்பா நாக்குக்கு உப்பு இருக்கு. தலையாட்டுனீங்களா, ஈ ஓட்டுனீங்களா?

சரி, வர்றேன்.

மாஸ்டர், ஒண்ணு.

வீட்டுல இன்னும் நான் உப்பு போடல. போடக் கை வரல. டப்பாவை எடுப்பேன், வச்சுடுவேன். "கல்யாணத்துல எல்லாரோடயும் சாப்பிட்டுக்குங்கப்பா, அதுவரைக்கும் பொறுத்துக்குங்க"ன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். "அதுவும் சரிதாம்மா"ன்னுட்டாரு. என்னைப் போயி அம்மாவாம்! அதுலேருந்து ஒரு திட்டு இல்ல, ஒரு மொணகல் இல்ல. கொடுத்ததைச் சாப்பிட்டுட்டு, "நல்லாயிருந்துச்சும்மா"ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிறாரு. ஒரு நாள் மண்ணு மாதிரி இருந்துச்சு, எனக்கே எறங்கல; அன்னைக்கும் அதையேதான் சொன்னாரு.

அதனால நீங்க என்ன பண்றீங்க… அந்தத் தூக்குல பாதி உப்பு மட்டும் போடுங்க. பாதிதான். அவரு நாக்குக்குத் தெரியாமப் போகாது, அது ஒண்ணுதான் இன்னும் சரியா வேலை செய்யுது. மொத வாயிலயே கண்டுபிடிச்சுடுவாரு. கண்டுபிடிச்சு, அத்தனை பேரு முன்னாடியும், சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடியும், என்னைக் கூப்பிட்டுப் பழையபடி நல்லாத் திட்டட்டும்…

மாஸ்டர்? எங்க எந்திரிச்சுப் போறீங்க, அடுப்புக்கா? போங்க போங்க. அங்கேருந்தே காதுல வாங்கிக்குங்க.

பாதி!