கலியமூர்த்தி முகம்

மறைக்கல டாக்டரம்மா. வயித்துல ரத்தம் கசியுது, வேற என்ன மாத்திரை முழுங்குனேன்னு தெரியாம வைத்தியம் பண்ண முடியாதுங்கறீங்க. சரிதான். ஆனா கலியமூர்த்தியச் சொல்லாம மாத்திரையச் சொல்ல முடியாதே. எனக்குச் சகலை, பொண்டாட்டி தங்கச்சி புருசன். மேல்பட்டாம்பாக்கத்துல இருக்கான்.

அவனுக்குன்னு எல்லாம் அமையும்மா. தானே புயல்ல எங்கூட்டுக் கூரை பறந்து கொல்லையில கெடந்துது. அவன் ஊட்ல ஒரு ஓடு நகரல. எங்க மச்சான் ஊட்டு விருந்துன்னா அவனுக்கு நல்லி எலும்பு, எனக்குக் கொழம்பு. அவன வாசல்லியே வாங்க மாமாம்பான் மச்சான். என்னப் பாத்தா, எப்ப வந்தீங்கம்பான்.

ஒண்ணுலதான் நான் ஒசத்தி. அவனுக்கு வீசிங்கு. நாலு படி ஏறுனா துருத்தியாட்டம் எறைப்பான். நான் இந்த வயசுலயும் மூட்ட தூக்குவேன். அதுவும் பொறுக்கல சாமிக்கு. கடலூர்ல ஒரு டாக்டரு சின்னதா வெள்ள மாத்திரை எழுதிக் குடுத்தாரு. எறைப்பும் நின்னுது, ஆளும் தேறிட்டான். கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி. ஜமீன்தாராட்டம் இருக்காருன்னு ஊரே பேசுது. எம் பொண்டாட்டி அஞ்சம்மா, ஒனக்கும் அதே சோறுதான போட்றேன், ஒடம்புல ஒட்டலியேங்கறா.

ஆமாம்மா. அவன் ஊட்ல கெடந்த காலி அட்டைய எடுத்தாந்து மருந்துக்கடையில நீட்னேன். சீட்டெல்லாம் எவன் கேக்கறான்? அட்ட இருந்தா போதும். முட்டிவலி மாத்திரையும் அங்கதான். ரெண்டையும் காலையில வெறும் வயித்துல போட்டு டீய ஊத்திக்குவேன். சேக்கக் கூடாதா? வயித்தப் புண்ணாக்கிடுமா? அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், எங்கிட்ட சொல்லுவானா!

சுகரு இருக்கறது தெரியும்மா. இந்த மாத்திரை அத ஏத்தும்னு தெரியாது. பசி ஜாஸ்தியா எடுக்குதேன்னு கருவாட்டுக் கொழம்பா வச்சு சாப்புட்டேன். உப்பும் ஆவாதா? அதான் காலு வீங்குதா? அவன் உப்பில்லாம திங்கறதப் பாத்து, பெரிய மனுசன் திமிருன்னுல்ல நெனச்சேன்.

எனக்கா? இல்லம்மா, வீசிங்கெல்லாம் கெடயாது. ஒரு நாளும் எறைச்சதில்ல.

பின்ன எதுக்கா? ஞாயித்துக்கெழம இங்க சிதம்பரத்துலதான் மச்சான் மக எழிலரசிக்குக் கண்ணாலம். குடும்பத்தோட நிக்க வச்சு போட்டோ புடிப்பாங்க. அவன் பக்கத்துலதான் நான் நிக்கணும். திடீர்னு நிறுத்துனா ஆபத்து, கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும்னு சொன்னீங்கல்ல? கொறைங்க, வேணாங்கல. போட்டோ எடுத்து முடிக்கற வரைக்கும் இந்தக் கன்னம் மட்டும் வத்தாமப் பாத்துக்கங்கம்மா.