பதினொரு நொடி

"வீட்டுக்குள்ளேயே கிடக்கியே, உனக்குப் பொழுது எப்படித்தான் போகுது?" என்று ஒருமுறை அத்தை கேட்டாள். நான் சிரித்துவைத்தேன். வாரத்துக்கு ஒரு நொடி வீதம் போகிறது என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்காது.

அண்ணன் பகலில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். மாலையில் கை கால் கழுவிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்து போர் விமானம் ஓட்டுவான். அந்த விளையாட்டில் அவனுக்கு ஒரு குழு இருந்தது. விளையாட்டோடு வருகிற விமானங்கள் போதாதென்று அவர்களே புதிதாக ஒரு ஜெட்டைச் செய்து சேர்த்திருந்தார்கள். அழகான ஜெட். ஆனால் கயிறு அறுந்த கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது.

"ஏய் மௌனசாமி, இதோட பிக்கப்பைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன். எனக்கு நம்பரைப் பாத்தாலே கொட்டாவி வருது" என்றான்.

எழுந்து நின்று பதில் சொல்ல வெட்கப்பட்டே ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எண்கள் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. விமானத்தின் கோப்பைத் திறந்தால் இன்ஜின் எவ்வளவு தள்ளுகிறது, காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதெல்லாம் வெறும் எண்களாக இருக்கும். முழு விசை கொடுத்து, நானூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து எண்ணூறுக்கு வர எத்தனை நொடி என்று கைபேசியில் அளந்தேன். முப்பது இருக்க வேண்டும் என்று குழுவினர் சொன்னார்கள். இரண்டே நாளில் முப்பதுக்குக் கொண்டுவந்தேன். பாராட்டு முழுவதும் அண்ணனுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. பின்னால் நான் செய்ததற்கு அதுதான் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறகு ஒரு போட்டி அறிவித்தார்கள். ஜெயித்தால் தூரத்து நகரத்தில் ஓர் அணியில் இடம், தங்குவதற்கு விடுதி. போட்டிக்கு எங்கள் முப்பது நொடி ஜெட்டையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அண்ணன் பட்டறை முதலாளியிடம் வேலையை விடுவதாகவே சொல்லிவிட்டான். அவனுக்கு மூச்சிளைப்பு உண்டு. விடுதிச் சுவர் ஈரமாக இருக்கலாம். மருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. நன்றாக யோசித்துத்தான் வீட்டுக் கணினியில் இருந்த கோப்பைத் திறந்தேன்.

முதல் வாரம் முப்பத்தொன்று. அடுத்த வாரம் முப்பத்திரண்டு. இன்ஜினின் விசையை மட்டும் குறைத்தால் உச்ச வேகமும் குறையும், அவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே காற்றின் தடையையும் அதே அளவு குறைத்தேன். உச்ச வேகம் அப்படியே இருந்தது. அதை எட்டும் நேரம்தான் நீண்டது. எங்கள் வீட்டு இணையம் ஆமை என்பதால் அவன் கணினியே ஓட்டுகிற எதிரிகளோடுதான் பயிற்சி செய்தான். அவர்களுக்கும் அதே ஜெட், அதே கோப்பு. எல்லோரும் சேர்ந்து மெதுவானதால் யாருமே மெதுவாகத் தெரியவில்லை. நாற்பத்தொன்றில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் பேராசை.

எதிரியின் வாலைப் பிடிக்க எவ்வளவு முன்கூட்டியே விசையைத் தள்ள வேண்டும் என்று அவன் கை மனப்பாடம் செய்துகொண்டது.

"பாத்தியா மௌனசாமி, ஒருத்தனும் தப்பிக்கல. உங்கண்ணன்னா சும்மாவா?"

நான் தலையாட்டினேன்.

போட்டிக் கணினிகளில் இருந்தது பழைய முப்பது நொடி ஜெட். ஒத்திகைக்கு நேரம் தரவில்லை. அம்மாவும் நானும் கைபேசியில் பார்த்தோம். முதல் சுற்றில் அண்ணன் எதிரியின் பின்னால் அழகாக வந்தான். வழக்கம்போல் விசையைத் தள்ளினான். எதிரியைத் தாண்டி அவன் முன்னாலேயே போய் நின்றான். முதுகில் சுட்டார்கள். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. "டிரைவர் அண்ணே, ஸ்டாப் பின்னாடி போயிடுச்சு" என்றார் வர்ணனையாளர். கூட்டம் சிரித்தது. மூன்றாம் சுற்றில் எனக்கும் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அம்மா முதுகைத் தடவிவிட்டாள்.

பட்டறையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், திரும்பி வந்த அண்ணன் பகலெல்லாம் வீட்டில் இருந்தான். "என் கையே என்னைக் கவுத்துடுச்சு, மௌனசாமி. நான் எதுக்குமே லாயக்கில்லையோ?" என்று கேட்டுக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் என்னிடம் வேலை ஏவாமல் வெறுமனே பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அப்படி ஒரு வாரம் எனக்கு வாய்த்ததே இல்லை. இரண்டு முறை அவனுக்கு இளைப்பு வந்தது. மருந்தை அவனே எழுந்துபோய் எடுத்துக்கொண்டான். விட்ட இடத்திலிருந்து அவன் பேச்சைத் தொடரட்டும் என்று நான் காத்திருந்தேன்.

கோப்பை மாற்றுகிறவர்கள், எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று அதன் தலையில் ஒரு வரி எழுதிவைப்பார்கள். எழுதாவிட்டால் அது ஒழுங்கான வேலை இல்லை. நான் பதினொரு வரி எழுதியிருந்தேன். இன்று காலை குழுத் தோழன் ஒருவன், எங்கே பிசகியது என்று பார்க்க அண்ணனின் கோப்பை அனுப்பச் சொல்லியிருக்கிறான். அண்ணன் முதல்முறையாக அதைத் திறந்தான்.

திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். கடைசி வரி, "41. போதும்."

நான் ஈரச்சுவரைப் பற்றிச் சொன்னேன். மருந்தைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. "உன் நல்லதுக்குத்தான் அண்ணா" என்று முடித்தேன். அவன் எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். திட்டுவதும் பேச்சுதானே.

அவன் துணிகளைப் பையில் திணித்தான்.

"எங்கடா கிளம்புற? எதுவா இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுடா" என்று அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

அவளை மெல்ல நகர்த்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனான்.