தேதிப் பூட்டு

டீ வேண்டாம் சார், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் போதும்.

என் பெயர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் லாரி எடைமேடைகளுக்கும் தொழிற்சாலை மீட்டர்களுக்கும் கம்ப்யூட்டர் இணைப்பு போட்டுக் கொடுக்கிறவன். போன வாரம் உருக்காலையில் நடந்த விபத்துக்காக யேசுதாஸை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு என்னோடு வேலை பார்த்த சந்திரகலா ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். மீட்டர் அனுப்பும் எண்ணை வாங்கித் திரையில் காட்டுவதுதான் அதன் வேலை. அதை ஓப்பன் சோர்ஸ் என்று இணையத்தில் போட்டாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், தங்கள் புரோகிராமுக்குள் சேர்த்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே ஒருவரும் பார்ப்பதில்லை. வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். கல்யாணமாகி சிங்கப்பூர் போகும்போது, அதில் மாற்றம் செய்வதற்கான பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்தாள்.

"நீ பாத்துக்கோ தணிகா. உன்ன நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்" என்றாள்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், கொஞ்ச காலம். பிழை சொன்னால் திருத்துவேன். புது மீட்டர் வந்தால் அதற்கும் சேர்ப்பேன். ஒருவன் நன்றி சொன்னதில்லை. ஒருநாள் ஒரு எடைமேடைக்காரர் என் கண் முன்னாலேயே வேறொரு ஆளைக் காட்டி, "இவருதான்பா நமக்கு சாஃப்ட்வேர் போட்டது" என்றார். அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது நான் பராமரித்த புரோகிராம். வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆரம்பம் அதுதான்.

எங்கள் தொழிலில் தேதிப் பூட்டு என்று ஒன்று உண்டு. கம்பெனி பணம் தராமல் நம்மை இழுத்தடிக்கும் என்று தோன்றினால், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு மெஷின் நின்றுபோகிற மாதிரி புரோகிராமில் எழுதிவைப்போம். அவர்கள் பதறிப்போய்க் கூப்பிடுவார்கள், நாம் போய் எடுத்துவிடுவோம். எல்லாரும் செய்வதுதான். நான் அதைச் சந்திரகலாவின் புரோகிராமில் வைத்து, புது வெர்ஷன் என்று இணையத்தில் ஏற்றினேன். தேதி வந்ததும், கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நின்றுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. வந்தால், யார் வைத்தது என்று தேடுவார்கள் அல்லவா. எடைமேடையில் எண் நின்றால் அடுத்த லாரிக்காரனே சத்தம் போட்டுவிடுவான், யாருக்கும் ஆபத்தில்லை. சரிசெய்து தர என்னைத் தேடுவார்கள். நான் கணக்குப் போட்டது இவ்வளவுதான்.

யேசுதாஸ் அந்த உருக்காலையில் எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டவன். ஒருநாள் கவரைப்பேட்டை ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அண்ணே, உங்க புது வெர்ஷன எறக்கிகினேன். ஃபர்னஸ் கொழாய்ல போற தண்ணி எவ்ளோ சூடா கீதுன்னு இப்போ அதுலதான் பாக்குறோம். பழைய அலாரம் சும்மா சும்மா அடிச்சு ஒரே பேஜாரு, கழட்டிட்டோம். சூப்பரா கீதுண்ணே."

இரும்பை உருக்கும் அடுப்பைச் சுற்றித் தாமிரக் குழாய் இருக்கும். அதற்குள் ஓடும் தண்ணீர்தான் குழாயைக் குளிர்விக்கிறது. தண்ணீர் கொதித்தால் குழாய் பிளந்து, உருகிய இரும்புக்குள் தண்ணீர் போய்விடும். அடுப்பே வெடிக்கும். எனக்கு இது தெரியும் சார். எங்கள் பக்கத்தில் தெரியாதவன் கிடையாது.

அதை எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்பானே. அவன் என்னை எவ்வளவு மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றான் தெரியுமா. என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. "நல்லா பண்ணிகிற யேசு" என்றேன். தேதி வருவதற்குள் பூட்டை எடுத்துவிட்டு இன்னொரு வெர்ஷன் ஏற்றி, அவனிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஊரில் அறுவடை வந்தது. மறந்துபோனேன் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை சார், தள்ளிப்போட்டேன்.

பூட்டு விழுந்த அதே தேதியில், வேறு ஏதோ கோளாறில் தண்ணீர் பம்ப்பும் நின்றுவிட்டது. திரை மட்டும் நாற்பத்திரண்டு டிகிரி என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த பழவேற்காட்டு ஷாஹுல் அடுப்பின் மேல்தட்டில் நின்றிருந்தான். மற்றதை நீங்களே நேரில் பார்த்தீர்கள். அன்று எனக்கு எடைமேடைகளிலிருந்து போன் வந்தபடி இருந்தது. உருக்காலையில் ஒரு ஆள் கருகிச் செத்தான் என்று தெரிந்த பிறகும், இரண்டு இடங்களுக்குப் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் உருக்காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். உங்கள் கண் எதிரிலேயே பழையதை அழித்து, பூட்டில்லாத பிரதியைப் போட்டேன். சோதிக்கிறேன் என்று சொன்னேன், நீங்கள் நம்பினீர்கள். பிறகு, புரோகிராமில் கோளாறு இல்லை, ஒயரிங்கில்தான் தப்பு என்றேன். யேசுதாஸ் அதை அப்படியே நம்பிவிட்டான்.

"அண்ணன் சொன்னா கரெக்டாதான் இருக்கும் சார். நான்தான் இன்னாவோ தப்பு பண்ணிக்கிறேன்" என்று அழுதான். அவனை ஜீப்பில் ஏற்றும்போது தோளில் தட்டிக்கொடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசுகிறது. யேசுதாஸை விட்டுவிடுங்கள். தணிகாசலம் மனசாட்சி உறுத்தித் தானாகவே வந்து ஒப்புக்கொண்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வார்த்தைகள் அப்படியே இருந்தால் நன்றாக இருக்கும். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் சார். நேற்று சந்திரகலா போன் செய்தாள். நான் ஏற்றிய எல்லா வெர்ஷனும் அவளிடம் இருக்கிறதாம், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டாளாம். நாளைக் காலை விமானத்தில் வந்து இறங்குகிறாள்.